ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து பாசல் வரை காரில்: வழியில் ஒரே ஒரு பேராலயம் என்றால் எது?

சாலையோரன்

வணக்கம் நண்பர்களே. செப்டம்பர் கடைசியில் குடும்பத்தோடு ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்குகிறோம். வாடகைக் கார் எடுத்து, ரைன் நதியை ஒட்டியே தெற்கே வந்து, பாசல் வழியாக லூசெர்ன் போவதாகத் திட்டம். நான், மனைவி, பத்து வயது மகள், கூடவே அப்பாவும் அம்மாவும்.

அப்பா பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பழைய கல் பேராலயம் ஒன்றை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். "நாலு சர்ச் வாசலில் நாலு போட்டோ எடுத்துட்டு வர்றதுக்கு நான் வரலை" என்று இப்போதே சொல்லிவிட்டார். அம்மாவுக்கு மூட்டு வலி. மகளுக்கு எந்த இடத்திலும் பத்து நிமிடத்துக்கு மேல் பொறுமை கிடையாது.

கொலோன், ஸ்ட்ராஸ்பூர்க், ஃப்ரைபுர்க் மூன்றும் பட்டியலில் இருக்கின்றன. அரை நாள் ஒதுக்க முடியும். எதற்குப் போகலாம்? காரை எங்கே விடுவது? அப்புறம், நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. உள்ளே போக ஏதாவது கட்டுப்பாடு உண்டா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

மழைக்காகம்

கொலோன்தான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் தலைக்கு மேலே நிற்கும். இரண்டு கோபுரம், 157 மீட்டர் உயரம். 1248இல் அடிக்கல் போட்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் காசும் ஆர்வமும் தீர்ந்து வேலை நின்றது. பாதி எழும்பிய தெற்குக் கோபுரத்தின் மேல் மரக் கிரேன் ஒன்று நூற்றாண்டுக்கணக்கில் அப்படியே நின்றது, பழைய ஓவியங்களில் பார்க்கலாம். முகப்பின் இடைக்கால வரைபடம் தொலைந்து போய், ஒரு பாதி 1814இல் டார்ம்ஸ்டாட்டிலும் மறு பாதி 1816இல் பாரிஸிலும் கிடைத்தது. 1842இல் மறுபடி தொடங்கி, அந்த வரைபடத்தை வைத்தே 1880இல் முடித்தார்கள். ஒரு பொறியாளருக்கு இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்?

கணக்குப்பிள்ளை

கதை நல்ல கதைதான். ஆனால் ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து கொலோன் சுமார் 190 கிலோமீட்டர், அதுவும் வடமேற்கே. இவர் போக வேண்டியது தெற்கே. போய்த் திரும்பினாலே நானூறு கிலோமீட்டர் கிட்ட ஆகிவிடும், பாசல் பயணம் அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

ஸ்ட்ராஸ்பூர்க் ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து 220 கிலோமீட்டர், அங்கிருந்து பாசல் 140. நேராக ஏ5 ஆட்டோபானில் போனாலே பாசல் 330 வந்துவிடும். ஆக, வழியை விட்டு விலகுவது சுமார் முப்பது கிலோமீட்டர்தான். ஃப்ரைபுர்க் அந்த ஏ5 மேலேயே இருக்கிறது. போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

பொன்னி_ஸ்டுட்கார்ட்

ஸ்ட்ராஸ்பூர்க். நான் இங்கே பக்கத்தில் இருப்பதால் இரண்டையும் நன்றாகத் தெரியும். ஃப்ரைபுர்க் கோபுரம் 116 மீட்டர், 1330 வாக்கிலேயே முடித்துவிட்டார்கள். உச்சிக் கூம்பு முழுக்கத் துளைத்த கல். 1944 நவம்பர் குண்டுவீச்சில் சுற்றியிருந்த வீதிகள் தரைமட்டமானபோதும் கோபுரம் தப்பியது. அழகு, மறுக்கவில்லை. ஆனால் அரை நாள் நின்று பார்க்கிற அளவுக்கு விஷயம் நிறைந்தது ஸ்ட்ராஸ்பூர்க். பத்து வயதுக் குழந்தைக்கும் அங்கேதான் வேலை இருக்கிறது.

கார் விஷயம்: ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்துக்குள் காரைக் கொண்டு போகாதீர்கள். ஏ5இல் ஆப்பன்வையர் பக்கம் இறங்கி, ரைன் நதிக்கு ஜெர்மன் கரையில் இருக்கும் கெல் ஊரில் காரை விட்டுவிடுங்கள். 2017 முதல் ஸ்ட்ராஸ்பூர்க் டிராம் பாலம் தாண்டி கெல் ரயில் நிலையம் வரை வருகிறது, டி தடம். ஏறி உட்கார்ந்தால் லாங்ஸ்ட்ராஸ் கிராண்ட் ரூ நிறுத்தத்தில் இறங்கி ஐந்தாறு நிமிட நடைதான். நதியைத் தாண்டும்போதே நாடு மாறி பிரான்ஸ் வந்துவிடும், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கெல்லில் சில இடங்களில் கட்டணம் இல்லை, ஆனால் வந்த நேரத்தைக் காட்டும் நீல அட்டையைக் கண்ணாடிக்கு உள்ளே வைக்க வேண்டும். வாடகைக் காரின் டாஷ்போர்டு அறையில் பெரும்பாலும் இருக்கும். பலகையைப் படிக்காமல் விட்டுப் போனால் அபராதச் சீட்டு நிச்சயம்.

உள்ளே போக மதக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. செருப்பைக் கழற்ற வேண்டாம். தோளும் முட்டியும் மூடிய உடை, தலையில் தொப்பி வேண்டாம், பூசை நடக்கும்போது சுற்றி நடக்கக் கூடாது. அவ்வளவுதான். பேராலயத்துக்குள் நுழையக் கட்டணமும் கிடையாது.

மழைக்காகம்

ஒற்றைக் கோபுரத்தோடு நிற்கிற கட்டடத்தை அரை நாள் பார்க்கச் சொல்கிறீர்கள். முகப்பைப் பார்த்தாலே இடது பக்கம் கோபுரம், வலது பக்கம் வெறும் மொட்டை. கொலோனில் தொடங்கியதை முடித்தார்கள்.

கல்லும்_சுண்ணாம்பும்

மழைக்காகம் ஐயா, அந்த மொட்டைப் பக்கத்துக்காகவே நான் இந்தக் கட்டடத்தைச் சொல்வேன். சாலையோரன் அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். நானும் கட்டுமானத் துறைதான், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் நிலம். ஸ்ட்ராஸ்பூர்க் பழைய நகரம் இல் ஆற்றின் இரு கிளைகளுக்கு நடுவில் இருக்கும் தீவு. தோண்டினால் ஈரக் களிமண், கொஞ்சம் கீழே தண்ணீர். பேராலயத்துக்கு அடியில் ஏரி இருக்கிறது, ராத்திரியில் படகு ஓடும் சத்தம் கேட்கும் என்று அந்த ஊரில் ஒரு கதையே உண்டு. அந்த நிலத்தில் 1015இல் ஆயர் வெர்னர் ஒரு பேராலயத்துக்கு அடித்தளம் போட்டார். மரக் கழிகளை அடித்து இறக்கி, அவற்றின் மேல் கல். அந்தக் கட்டடம் திரும்பத் திரும்பத் தீப்பிடித்தது. 1176 தீக்குப் பிறகு புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள், ஆனால் அடித்தளத்தை மாற்றவில்லை. தடித்த சுவர் கொண்ட ஒரு ரோமனெஸ்க் கட்டடத்துக்காகப் போட்ட அடித்தளத்தின் மேல்தான் பிறகு கோதிக் பாணியில் மேலே மேலே ஏற்றிக்கொண்டே போனார்கள். கிழக்குப் பகுதியில் நின்று பார்த்தால் வட்ட வளைவுகள், கனத்த சுவர், இருட்டு. திரும்பி மேற்கே பார்த்தால் கூர் வளைவுகள், கண்ணாடி, வெளிச்சம். கட்டும்போதே பாணி மாறிவிட்டது. நடு மண்டபம் 1275இல் முடிந்தது.

1277இல் மேற்கு முகப்பு. எர்வின் ஃபோன் ஸ்டைன்பாக் பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். முகப்புச் சுவருக்கு முன்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு மெல்லிய கல் கம்பிகளால் இன்னொரு திரை நிற்கிறது, யாழ் நரம்பு கட்டியது போல. பக்கவாட்டில் போய் நின்று பாருங்கள், இரண்டு அடுக்கும் தனித்தனியாகத் தெரியும். நேராகப் பார்த்துவிட்டுப் போனால் இது பிடிபடாது.

முதல் திட்டத்தில் இரண்டு கோபுரம். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்து நின்றன. பிறகு இரண்டுக்கும் நடுவில் இருந்த வெளியை ஒரு மணிக்கூண்டு கட்டி அடைத்தார்கள். முகப்பு ஒரே பலகையாக, ஒரு பெரிய பெட்டி மாதிரி தெரிவது அதனால்தான். 1399இல் உல்ம் நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த உல்ரிக் ஃபோன் என்சிங்கன் வந்து, வடக்குப் பக்கம் மட்டும் எட்டுப்பட்டைக் கோபுரத்தை எழுப்பினார். அவர் இறந்த பிறகு யோஹான்னஸ் ஹுல்ட்ஸ் உச்சிக் கூம்பைக் கட்டினார். 1439இல் முடிந்தது, 142 மீட்டர். இந்த ஹுல்ட்ஸ் கொலோன்காரர் என்பதை மழைக்காகம் கவனிக்கவும். 1647 முதல் 1874 வரை உலகத்திலேயே உயரமான கட்டடம் இதுதான்.

தெற்குக் கோபுரத்துக்கு 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹான்ஸ் ஹாமர் வரைபடம்கூடப் போட்டார். கட்டவில்லை. காசு, ரசனை மாறியது, பிறகு சீர்திருத்த இயக்கம் வந்து பேராலயமே புராட்டஸ்டண்ட் கைக்குப் போனது என்று பல காரணம் சொல்வார்கள். நிலம் தாங்காது என்ற பயமும் அதில் உண்டு. அந்தப் பயம் நியாயமானதுதான் என்று பிறகு தெரிந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடக்குக் கோபுரத்தைத் தாங்கும் தூணில் விரிசல் கண்டது. தோண்டிப் பார்த்தால், 1015இல் இறக்கிய மரக் கழிகள் மக்கியிருந்தன. மரம் தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருந்தால் நூற்றாண்டுக்கணக்கில் கெடாது. 19ஆம் நூற்றாண்டில் ரைன் நதியை நேராக்கிக் கரை கட்டியதில் நிலத்தடி நீர் மட்டம் இறங்கிவிட்டது. காற்றுப் பட்டது, மரம் போயிற்று.

யோஹான் க்னாவ்ட் என்ற தலைமைக் கட்டடக் கலைஞர் 1907இல் வேலையைத் தொடங்கினார். தூணைச் சுற்றி இரும்பு போட்ட கான்கிரீட்டால் கச்சை கட்டி, பாரத்தை ஜாக்குகளில் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கீழே இருந்த பழைய அடித்தளத்தை எடுத்துவிட்டுப் புதிய கான்கிரீட் அடித்தளம் போட்டார்கள். மேலே அந்தக் கோபுரம் அப்படியே நிற்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் முதல் உலகப் போர். நகரம் ஜெர்மனியிடமிருந்து பிரான்ஸுக்குப் போனது. ஜெர்மானியரான க்னாவ்ட் வேலை முடியும் முன்பே ஊரைவிட்டுப் போக வேண்டி வந்தது. 1926இல் வேலை முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை.

ஆகவே, மொட்டைப் பக்கத்தைப் பார்த்து வருத்தப்பட ஒன்றுமில்லை. அங்கேயும் ஒரு கூம்பை ஏற்றியிருந்தால் இன்று இரண்டுமே இருந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

மழைக்காகம்

சரி, கதை கொலோனுக்குச் சளைத்ததில்லை. ஆனால் முடிக்காததை முடிக்காதது என்றுதான் சொல்வேன்.

சாலையோரன்

கல்லும் சுண்ணாம்பும் சார், அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அந்த ஜாக்கை எந்த இடத்துல குடுத்தாங்கன்னு கேளு" என்கிறார். இனி வேறு ஊர் பேச்சே இல்லை, ஸ்ட்ராஸ்பூர்க் முடிவு. கோபுரத்தில் ஏற முடியுமா? வானியல் கடிகாரம் என்று ஒன்று சொல்கிறார்களே, அதை எந்த நேரத்தில் பார்க்க வேண்டும்?

வடமராட்சியான்

தம்பி, நான் இந்த ஊரில் கனகாலமாக இருக்கிறேன். லண்டனில், கனடாவில் இருந்து சொந்தக்காரர் வந்தால் பேராலயத்தைக் கொண்டுபோய்க் காட்டுவது என் பொறுப்பு. அதனால் ஒழுங்கைச் சொல்கிறேன்.

காலை வெள்ளென வாருங்கள். எட்டரை, ஒன்பது மணிக்குச் சனம் குறைவு. பேருந்துக் கூட்டங்கள் பத்து மணிக்குப் பிறகுதான் இறங்கும். பதினொன்றேகால் வாக்கில் பொதுப் பார்வையாளர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள், மதியக் கடிகாரக் காட்சிக்குச் சீட்டு எடுத்தவர்களை மட்டும் தெற்கு வாசல் வழியாக விடுவார்கள். 12 மணிக்கு ஒரு விளக்கப் படம் ஓடும், 12:30க்கு கடிகாரம். ஞாயிற்றுக்கிழமையில் இது இல்லை, நாளைப் பார்த்து வாருங்கள்.

கடிகாரத்தில் என்ன நடக்கும் என்றால்: பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் ஒவ்வொருவராக இயேசுவுக்கு முன்னால் நடந்து போய் வணங்குவார்கள், மேலே ஒரு சேவல் செட்டையை அடித்து மூன்று தரம் கூவும். அது மதியத்துக்கு மட்டும். ஆனால் கால் மணிக்கு ஒருக்கால் குழந்தை, இளைஞன், நடு வயதுக்காரன், கிழவன் என்று உருவங்கள் எலும்புக்கூட்டுக்கு முன்னால் போகும், மணியை அடிப்பது அந்த எலும்புக்கூடு. உங்கள் மகளுக்கு அதுதான் பிடிக்கும். என் மருமகள் சேவலைப் பார்க்கவே இல்லை, எலும்புக்கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடிகாரத்துக்குப் பக்கத்தில் தேவதூதர் தூண் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டு, மூன்று தட்டில் பன்னிரண்டு சிலைகள், இறுதித் தீர்ப்பு. அதை எல்லாரும் பார்ப்பார்கள். அதற்கு எதிரே மேலே ஒரு கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு ஒரு கல் மனிதன் அந்தத் தூணையே பார்த்துக்கொண்டிருப்பான், அவனைப் பலர் கவனிப்பதில்லை. இந்த மெல்லிய தூண் பாரம் தாங்காது, விழும் என்று ஒருவன் கதைத்தானாம். "அப்படியென்றால் விழும் வரைக்கும் அங்கேயே நின்று பார்" என்று அவனை அங்கே வைத்துவிட்டார்களாம். ஊர்க்கதைதான். தூண் இன்னும் விழவில்லை, அவனும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறான்.

பிறகு பிரசங்க மேடை. 1485இல் கைலர் ஃபோன் கைசர்ஸ்பெர்க் என்ற பெரிய பிரசங்கிக்காகக் கட்டியது, சின்னச் சின்னச் சிலைகளாகச் செதுக்கித் தள்ளியிருக்கிறார்கள். ஏறும் படிக்குப் பக்கத்தில் ஒரு நாய்க்குட்டி படுத்திருக்கும். பிரசங்கம் நடக்கும்போது அவருடைய நாய் அங்கேதான் கிடக்கும் என்பார்கள். சனம் தடவித் தடவி அந்தக் கல் வழுவழுவென்று ஆகிவிட்டது. பிள்ளையிடம் "நாயைக் கண்டுபிடி" என்று விட்டால் அரை மணி நேரம் உங்களுக்கு நிம்மதி.

கோபுரம்: 332 படி, 66 மீட்டர் உயரத்தில் ஒரு மேடை. கூம்புக்கு விடமாட்டார்கள். லிஃப்ட் கிடையாது, அம்மாவை ஏற்ற வேண்டாம். வாசல் தெற்குப் பக்கத்து ஷாட்டோ சதுக்கத்தில், தனிச் சீட்டு. சுருள் படி, பக்கமெல்லாம் திறந்த கல் வேலைப்பாடு, காற்று நன்றாக அடிக்கும். தலைசுற்று உள்ளவர்கள் யோசித்து ஏறுங்கள். மேலே நின்றால் ஒரு பக்கம் வோஜ் மலை, மறுபக்கம் ரைனைத் தாண்டி ஜெர்மனியின் கருங்காடு. அம்மாவைக் கீழே ஒரு காப்பிக் கடையில் இருத்திவிட்டுப் போங்கள், ஆனால் பேராலயத்துக்கு நேர் முன்னால் உள்ள கடைகளில் வேண்டாம். விலை அதிகம், ருசி குறைவு. இரண்டு தெரு தள்ளிப் போனால் போதும்.

பொன்னி_ஸ்டுட்கார்ட்

தலைசுற்றல் என்றதும் ஞாபகம் வந்தது. ஜெர்மன் கவிஞர் கோத்தே 1770இல் இங்கே சட்டம் படிக்க வந்தபோது உயரம் என்றால் அவருக்கு ஆகாது. அந்தப் பயத்தைப் போக்கவே இந்தக் கோபுரத்தில் திரும்பத் திரும்ப ஏறினேன் என்று அவரே எழுதியிருக்கிறார். மேடையில் கல்லில் பழைய பார்வையாளர்கள் செதுக்கிய பெயர்கள் நிறைய இருக்கின்றன, அவர் பெயரையும் தேடலாம். நீங்கள் செதுக்காதீர்கள்!

சாலையோரன்

ஒரு சந்தேகம். "மதியக் காட்சி" என்கிறார்கள், அப்புறம் ஏன் 12:30? பன்னிரண்டு மணிக்கு அடிக்க வேண்டாமா?

கணக்குப்பிள்ளை

இது என் துறை. இன்று அங்கே எல்லோரும் வைத்திருக்கும் மத்திய ஐரோப்பிய நேரம் 15 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. ஸ்ட்ராஸ்பூர்க் சுமார் 7.75 டிகிரியில் இருக்கிறது. வித்தியாசம் 7.25 டிகிரி. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம், ஆக 29 நிமிடம். கடிகாரம் காட்டுவது ஸ்ட்ராஸ்பூர்க்கின் சொந்த நேரம். அதன் பன்னிரண்டு மணி நம் கைக்கடிகாரத்தில் ஏறக்குறைய பன்னிரண்டரை.

அந்தக் கடிகாரத்தின் பெரிய வித்தை சேவல் இல்லை. ஈஸ்டர் எந்தத் தேதியில் வரும் என்பதைப் பல்சக்கரங்களாலேயே கணக்குப் போடும் ஒரு பகுதி அதில் இருக்கிறது. டிசம்பர் 31 நள்ளிரவில் சக்கரங்கள் சுழன்று அடுத்த ஆண்டின் ஈஸ்டரும் அதையொட்டி மாறும் பண்டிகைகளும் தாமாகவே இடம் மாறி நிற்கும். லீப் ஆண்டும் அதற்குத் தெரியும், நூற்றாண்டு விதிவிலக்கும் தெரியும். ஷ்வில்கே என்பவர் 1838இல் தொடங்கி நான்கைந்து ஆண்டில் செய்தது. மின்சாரம் இல்லாத காலத்துக் கம்ப்யூட்டர் என்றே சொல்லலாம். ஜன்னலை ஒட்டி நின்று எல்லோரும் மேலே சேவலை வீடியோ எடுக்கும்போது, நீங்கள் கீழே இடது மூலையைப் பாருங்கள்.

நிலாச்சோறு

அந்தக் கடிகாரத்தைச் செய்தவர் வேறு ஊரில் இன்னொன்று செய்துவிடக் கூடாது என்று நகரசபை அவர் கண்ணைப் பிடுங்கிவிட்டதாக எங்கள் வழிகாட்டி சொன்னாரே?

கணக்குப்பிள்ளை

இதே கதையைப் பிராக் நகரக் கடிகாரத்துக்கும் சொல்கிறார்கள். நம்பாதீர்கள். இங்கே மொத்தம் மூன்று கடிகாரம். 14ஆம் நூற்றாண்டின் நடுவில் முதலாவது. அதன் இரும்புச் சேவல் இன்றும் நகரத்தின் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டாவது 1574இல் முடிந்தது: கணக்கு கணிதப் பேராசிரியர் டாசிபோடியுஸ் போட்டது, இயந்திரம் ஹாப்ரெக்ட் சகோதரர்கள், ஓவியம் டோபியாஸ் ஸ்டிம்மர். அது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் நின்றுவிட்டது. இப்போது நாம் பார்ப்பது அந்தப் பழைய கூட்டுக்குள் ஷ்வில்கே வைத்த மூன்றாவது இயந்திரம். யாருக்கும் கண் போகவில்லை.

சும்மா_கேக்குறேன்

நான் ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஐரோப்பாவில் நான் பார்த்த சர்ச் எல்லாம் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிந்தது. உயரமான கூரை, வண்ணக் கண்ணாடி, மெழுகுவத்தி, வாசலில் காசுப் பெட்டி. அதற்கு அரை நாளா? ஒரு மணி நேரம் போதும், மிச்ச நேரத்தில் கருங்காட்டில் ஒரு நடை போகலாம்.

பொன்னி_ஸ்டுட்கார்ட்

உள்ளே நுழைந்து கூரையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் ஒரே மாதிரிதான் தெரியும். ஸ்ட்ராஸ்பூர்க்கில் வெளியேதான் விஷயம் அதிகம். மேற்கு முகப்பின் வலது வாசலுக்குப் போங்கள். பைபிள் கதையில் வரும் புத்தியுள்ள கன்னியர், புத்தியற்ற கன்னியர் வரிசையாக நிற்பார்கள். புத்தியற்றவர்கள் பக்கம் ஓர் அழகான வாலிபன் கையில் பழத்தை நீட்டிச் சிரித்துக்கொண்டிருப்பான். சுற்றிப் போய் அவன் முதுகைப் பாருங்கள்: தேரையும் பாம்பும் ஊர்ந்துகொண்டிருக்கும். பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்கு அது தெரியாது, ஆடையின் கொக்கியை அவிழ்க்கத் தொடங்கிவிட்டாள். ஏழு நூற்றாண்டுக்கு முன் செதுக்கியது. வாசலில் இருப்பவற்றில் பல நகல்கள். அசல் சிலைகள் பக்கத்திலேயே அவ்ர் நோத்ர்-தாம் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பிறகு தெற்கு வாசல். இரண்டு பக்கமும் இரண்டு பெண் சிலைகள். ஒருத்தி கிரீடம் அணிந்து சிலுவையும் கிண்ணமும் பிடித்து நிமிர்ந்து நிற்கிறாள், அது திருச்சபை. மற்றவள் கண்ணைத் துணியால் கட்டி, ஒடிந்த ஈட்டியோடு தலை குனிந்து நிற்கிறாள், அது யூத மதம். சிற்பமாகப் பார்த்தால் தோற்றவள்தான் அழகு, அந்த மெல்லிய துணிக்குள் கண் தெரிகிற மாதிரி செதுக்கியிருக்கிறான். ஆனால் எதற்காகச் செதுக்கினார்கள் என்பதை மறந்துவிட முடியாது. இந்தச் சிலை வந்து நூறு ஆண்டுக்குப் பிறகு, 1349 பிப்ரவரி 14 அன்று, கொள்ளைநோய்க்கு யூதர்கள்தான் காரணம் என்று பழி போட்டு நூற்றுக்கணக்கானவர்களை இதே ஊரில் எரித்தார்கள். நோய் அப்போது ஊருக்குள் வரவே இல்லை. அதன்பின் நூற்றாண்டுக்கணக்கில் யூதர்கள் பகலில் வியாபாரத்துக்கு வரலாம், ராத்திரி தங்கக் கூடாது. இன்றும் பேராலயத்தில் இரவு பத்து மணிக்கு ஒரு மணி அடிக்கிறது. அந்தக் காலத்து ஊரடங்கின் மிச்சம். பத்து வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு சொல்வது என்பது உங்கள் முடிவு, ஆனால் அந்த வாசலை வெறும் அழகுச் சிலை என்று காட்டிவிட்டு வராதீர்கள்.

ஒரு மணி நேரத்தில் இதெல்லாம் முடியாது சும்மா_கேக்குறேன்.

சும்மா_கேக்குறேன்

சரி தாயே, அந்தத் தேரைக்காரனை மட்டும் பார்க்கிறேன்.

கல்லும்_சுண்ணாம்பும்

பொன்னி சொன்ன அருங்காட்சியகத்தை அப்பா தவறவிடக் கூடாது. 13, 14ஆம் நூற்றாண்டில் தோலில் வரைந்த முகப்பு வரைபடங்கள் அவர்களிடம் இருக்கின்றன, கட்டியவர்கள் கையில் வைத்திருந்த அதே வரைபடங்கள். காட்சிக்கு எது இருக்கும் என்பதைப் போகும்போது கேளுங்கள். இன்னொன்று: அவ்ர் நோத்ர்-தாம் என்பது 13ஆம் நூற்றாண்டிலிருந்து இந்தப் பேராலயத்தைப் பராமரிக்கும் அறக்கட்டளை. இன்றும் சொந்தக் கல்தச்சர்கள், சொந்தப் பட்டறை. இந்த மாதிரிப் பட்டறைகளின் முறையை 2020இல் யுனெஸ்கோ அங்கீகரித்தது. எந்த நேரத்தில் போனாலும் எங்காவது ஒரு மூலையில் சாரம் கட்டியிருக்கும். அதைப் பார்த்து "ஐயோ போட்டோ கெட்டுப்போச்சே" என்று சலித்துக்கொள்கிறார்கள். வோஜ் மலை மணற்கல் அப்படி, மழையிலும் புகையிலும் உதிரும். மாற்றிக்கொண்டே இருந்தால்தான் நிற்கும்.

அந்த ஜாக் கேள்விக்கு: வடக்குக் கோபுரத்தடியில், உள்ளே நுழைந்ததும் வடக்கு வரிசையில் வரும் முதல் பெரிய தூண். அங்கே நின்று கீழே பார்க்கச் சொல்லுங்கள், அவருக்குப் புரியும்.

வடமராட்சியான்

இந்தக் கூம்பு தப்பியதே பெரிய கதை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் முகப்புச் சிலைகளை நூற்றுக்கணக்கில் உடைத்தார்கள். சமத்துவம் என்று சொல்லிவிட்டு ஒரு கோபுரம் மட்டும் எல்லாரையும் விட உயரமாக நிற்பதா, கூம்பை இடி என்று கிளம்பினார்கள். 1794இல் அதற்குப் பதிலாகத் தகரத்தால் ஒரு பெரிய சிவப்புப் புரட்சித் தொப்பி செய்து கூம்பின் தலையில் மாட்டிவிட்டார்கள். தொப்பி போட்ட கோபுரத்தை யார் இடிப்பது? தப்பிவிட்டது. அந்தத் தொப்பியைப் பிறகு கழற்றி நூலகத்தில் வைத்திருந்தார்கள், 1870இல் பிரஷ்யப் படை குண்டு போட்டு நூலகத்தோடு எரிந்து போனது. அதே முற்றுகையில் பேராலயத்தின் கூரையும் எரிந்தது.

இரண்டாம் போரில் வண்ணக் கண்ணாடிகளைக் கழற்றி ஒளித்துவைத்தார்கள். ஜெர்மன்காரர் எடுத்துக்கொண்டு போய் ஹைல்பிரான் உப்புச் சுரங்கத்துக்குள் வைத்தார்கள். போர் முடிந்து அமெரிக்கர் கண்டெடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். 1944 நவம்பர் 23 அன்று நகரம் விடுபட்டபோது முதல் வேலையாகக் கூம்பில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார்கள். பிரெஞ்சுப் படைத் தளபதி லெக்லெர்க் 1941இல் லிபியப் பாலைவனத்தில் குஃப்ராவில் நின்றுகொண்டு, ஸ்ட்ராஸ்பூர்க் பேராலயத்தில் எங்கள் கொடி பறக்கும் வரை ஆயுதத்தைக் கீழே வைக்கமாட்டோம் என்று சபதம் செய்திருந்தார்.

சாலையோரன்

அருமை. கடைசியாகக் காரைப் பற்றி. முன்பு ஒருமுறை வேறொரு நாட்டில், எல்லை தாண்டியதற்கு வாடகைக் கம்பெனி தனிக் கட்டணம் போட்டுவிட்டது. இங்கே எப்படி?

கணக்குப்பிள்ளை

ஒப்பந்தத்தில் பிரான்ஸ், சுவிட்சர்லாந்து இரண்டையும் எழுதி வாங்குங்கள். கவுண்டரில் வாயால் "பரவாயில்லை" என்பது செல்லாது. ஜெர்மனியில் காருக்கு டோல் இல்லை. சுவிஸ் நெடுஞ்சாலைக்கு வின்யெட் என்ற சாலைக் கட்டணச் சீட்டு வேண்டும், 40 ஃபிராங்க், ஆண்டுக்கு ஒரே விலை, ஒரு நாள் ஓட்டினாலும் அதுதான். இணையத்திலேயே வண்டி எண்ணுக்கு வாங்கலாம்.

கெல்லில் காரை விட்டால், கார் எவ்வளவு மாசு விடும் என்று காட்டும் பிரான்ஸின் மாசு ஸ்டிக்கர் தொல்லையே உங்களுக்கு இல்லை. பிரெஞ்சுக் கரை வழியாகத்தான் தெற்கே போவேன் என்றால் ஏ35, அங்கே டோல் கிடையாது. ஆனால் ஸ்டிக்கர் விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு நெடுஞ்சாலையில் 130, மழை பெய்தால் 110. ஆட்டோபான் பழக்கத்தில் மிதிக்காதீர்கள், கேமராக்கள் உண்டு.

பொன்னி_ஸ்டுட்கார்ட்

பிரெஞ்சுப் பக்கமே நகரத்தை நெருங்க வேண்டியிருந்தால், ஊருக்கு வெளியே டிராம் நிறுத்தங்களோடு சேர்ந்த பார்க்கிங்குகள் இருக்கின்றன. பார்க்கிங் சீட்டிலேயே காரில் வந்த எல்லோருக்கும் டிராம் பயணம் அடக்கம். ஐந்து பேருக்கு அது லாபம். பெட்டிகளைக் காரில் வெளியே தெரிகிற மாதிரி வைக்காதீர்கள்.

குளிர்காலன்

இடையில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். நாங்கள் இதே வழியில் டிசம்பரில் போகிறோம். கிறிஸ்துமஸ் சந்தை நேரத்தில் பேராலயத்தை நிம்மதியாகப் பார்க்க முடியுமா?

வடமராட்சியான்

1570 முதல் நடக்கிற சந்தை, பேராலயத்தைச் சுற்றியே கடைகள். சனி, ஞாயிறு என்றால் வராதீர்கள், கால் வைக்க இடம் இராது. கிழமை நாளில் காலை எட்டரைக்கு வந்தால் கடைகள் திறக்கும் முன்பே உள்ளே பார்த்து முடிக்கலாம். தீவுக்குள் போகும் பாலங்களில் பையைத் திறந்து பார்ப்பார்கள், பெரிய பெட்டி கொண்டு வர வேண்டாம். சந்தை நேரத்தில் சில டிராம் நிறுத்தங்களில் வண்டி நிற்காமல் போகும், ஏறும்போதே பலகையைப் பாருங்கள். உள்ளே சூடாக்குவதில்லை, ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுப் போகாதீர்கள்.